குறட்டை சுகநித்திரையன்று

குறட்டை விட்டு உறங்குகிறவன் நிம்மதியாக உறங்குகிறான் என்பது, நம்மவர்கள் ஒருநாளும் விசாரித்துப் பாராமலே உண்மையென்று ஒப்புக்கொண்டுவிட்ட அபிப்பிராயங்களுள் ஒன்று. கவலையற்ற மனிதனை வருணிக்க வேண்டுமானால் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்கிறோம். கடமையை மறந்த அதிகாரியைக் கண்டிக்க வேண்டுமானாலும் அதையே சொல்கிறோம். இரண்டிடத்திலும் குறட்டை சுகத்தின் ஓசை என்னும் எண்ணமே அடியில் கிடக்கிறது. ஜெர்மனியின் வடமேற்கில், டொய்டோபுர்க் காட்டு மலைத்தொடரின் கணவாயொன்றில் அமைந்திருக்கும் பீலெஃபெல்ட் நகரத்து நம் குடும்பங்களிடையேயும் இது வேரோடியிருக்கிறது. ‘பகல் முழுக்க நிண்டபடி வேலை, மனுசன் களைச்சுப்போய் வாறார், படுத்த உடனே குறட்டை, நல்ல நித்திரை’ என்று, இரவெல்லாம் பக்கத்தில் கண் விழித்துக் கிடந்த மனைவி மறுநாள் சொல்லும்போது, அச்சொல்லில் குறையைக் காட்டிலும் ஆறுதலே மிகுந்திருக்கிறது. அந்த ஆறுதல் பொய்யானது என்பதும், அந்தப் பொய்யை ஆதாரமாகக் கொண்டு, குறட்டையைச் சகித்துக்கொள்வதே இல்லறத்துக்கு அழகு என்று நாம் ஏற்படுத்தி வைத்திருக்கும் தர்மம், சகிக்கிறவளுக்கும் உறங்குகிறவனுக்கும் ஒருங்கே தீங்கு விளைவிக்கிறது என்பதுமே நான் சொல்ல வந்தவை.

இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். உறங்குகிறவனுடைய உள்நிலையை அறிய அருகிலிருப்பவருக்குக் கண்ணும் காதுமே துணை. கண்ணுக்குத் தெரிவது அசைவற்றுக் கிடக்கும் உடம்பு, காதுக்குக் கேட்பது அறையை நிறைக்கும் ஓசை. தட்டினாலும் எளிதில் எழாதவன் ஆழத்தில்தான் இருக்கிறான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உழைத்துக் களைத்த நாளில் ஓசை மிகுவதும் அநுபவத்தில் கண்டதே. போதாததற்கு, கும்பகருணனை எழுப்ப யானைகளையும் முரசுகளையும் கொண்டு வந்த இராமாயணக் கதை இருக்கவே இருக்கிறது. கூத்து மேடையில் அவனுடைய குறட்டையை நடித்துக் காட்டினால் சபை முழுவதும் சிரிக்கும். அவனுடைய உறக்கம் வரமாகக் கேட்டுச் சாபமாக வந்து சேர்ந்தது என்பதையும், அவன் விழித்திருக்க வேண்டிய காலத்தையெல்லாம் அந்த உறக்கம் தின்றுவிட்டது என்பதையும் அதே கதைதான் சொல்கிறது. சிரித்த சபை அதை மறந்துவிட்டது.

உறங்கத் தொடங்கியவுடன் மனிதனுடைய தசைகள் தளர்கின்றன. நாவும், மெல்லண்ணமும், தொண்டையின் சுவர்களைத் தாங்கி நிற்கும் தசைகளும் கூடவே தளர்கின்றன. விழித்திருந்தபோது இவைதாம் இடையறாது விறைத்து நின்று சுவாசப் பாதையைத் திறந்து வைத்திருந்தன என்பதை நாம் அறிவதேயில்லை. அவை தளர்ந்ததும் பாதை குறுகுகிறது; குறுகிய வழியே மூச்சு விரைந்து செல்லும்போது, ஈரத் துணி காற்றில் படபடப்பதுபோல மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன; அந்த அதிர்வின் ஓசையே குறட்டை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னுக்குச் சரிவதால் அது மிகும். மது அருந்தினாலும், சிலவகைத் தூக்க மாத்திரைகளை உட்கொண்டாலும், தளர்ச்சி அதிகரித்து இன்னும் மிகும். மூக்கடைப்பும், புகைப் பழக்கமும், கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் தத்தம் பங்கைச் செலுத்தும். ஆகவே மிக எளிய வடிவத்திலும் குறட்டை தெரிவிப்பது மூச்சின் வழி நெருக்கப்பட்டிருக்கிறது என்னும் செய்தியையே. உறக்கத்தின் ஆழத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

அந்த நெருக்கடி முற்றும்போது பாதை முழுவதுமே அடைபட்டுப் போகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றபடியே ஏறி இறங்குகின்றன. காற்றோ உள்ளே செல்வதில்லை. அப்பொழுது குறட்டை சட்டென்று நின்றுவிடுகிறது. அருகில் படுத்திருப்பவள், ‘அப்பாடா, இப்போதாவது ஓய்ந்ததே’ என்று கண்ணை மூடும் அந்த மௌனந்தான் இரவின் மிக ஆபத்தான பகுதி என்பதை அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு ஒரு நிமிஷம் வரையிலுங்கூட மூச்சு இல்லாமல் கழிகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அபாயத்தை உணர்ந்த மூளை உறங்குகிறவனை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. இருதயம் வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஒரு பெருந்திணறலோடு பாதை திறக்கிறது. உடனே மீண்டும் உறக்கம், மீண்டும் குறட்டை, மீண்டும் அடைப்பு. முழு அடைப்பும் பாதி அடைப்புமாகச் சேர்த்து மணிக்கு ஐந்துக்குக் குறைவாக நேர்ந்தால் அதை வைத்தியர்கள் பொருட்படுத்துவதில்லை. 5 முதல் 15 வரை லேசானது என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரமானது என்றும், 30-க்கு மேற்பட்டால் கடுமையானது என்றும் வகுத்திருக்கிறார்கள். மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை. ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்தால் இருநூற்றுப் பத்து முறை. இருநூறு தடவை கழுத்தை நெரித்து எழுப்பப்பட்ட ஒருவனைச் சுகமாக உறங்கியவன் என்று எந்த நியாயத்தில் சொல்வது? உறக்கத்தின் ஆழ்ந்த படிகளை எட்டும்போதெல்லாம் மேலே இழுக்கப்படுகிறவன் அவன். காலையில் இதில் எதுவும் அவனுக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஏழு மணி நேரம் தூங்கினேன் என்று மனப்பூர்வமாகவே சொல்கிறான், தூங்கி எழுந்தும் அலுப்புத் தீரவில்லையே என்று ஆச்சரியமும் படுகிறான்.

பகல் வேளையில் மூச்சடைப்பு என்னும் இந்நோய் பல வேஷங்களில் வருகிறது. எழுந்தவுடன் தலைவலி, வறண்ட வாய், இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்காக எழுந்திருத்தல், அற்பக் காரணத்துக்கெல்லாம் சினம், ஞாபக மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, மருந்துக்கு மருந்து மாற்றியும் தணியாத இரத்த அழுத்தம் என்று அவை நீளும். ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டில் தனித்தனியே ஒரு காரணம் தயாராக இருக்கிறது: தலைவலிக்குப் பனிக்காலம், சிறுநீருக்குச் சீனி வியாதி, சினத்துக்குச் சுபாவம், மறதிக்கு வயது. பக்கவாதம், இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, நீரிழிவு ஆகியவற்றோடு இந்நோய்க்குள்ள தொடர்பு ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், இவற்றையெல்லாம் ஒரே மூலத்தோடு இணைத்துப் பார்க்கும் சந்தர்ப்பத்தை, ‘நல்ல நித்திரைதானே’ என்னும் ஒற்றைச் சொல் அடைத்துவிடுகிறது.

வைத்திய உலகமே இதை வெகுகாலம் காணாதிருந்தது. பருத்த உடம்போடு பகலெல்லாம் உறங்கி வழிகிறவர்களை வைத்தியர்கள் நெடுநாள் அறிந்திருந்தார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு மிகுவதாலேயே அவர்கள் மயங்குகிறார்கள் என்று கருதியிருந்தார்கள். இரவில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. 1965-ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் ரிச்சர்ட் யுங், வோல்ஃப்காங் குலோ என்னும் இருவரும், பிரான்சின் மார்செய் நகரத்தில் ஆன்ரி கஸ்தோவும் அவருடைய சகாக்களும், இத்தகைய நோயாளிகளை உறங்க வைத்து, இரவு முழுவதும் மூளையின் மின்னலைகளையும் மூச்சையும் ஒருங்கே பதிவு செய்தபோதுதான், மூச்சு நின்று நின்று செல்வதையும் ஒவ்வொரு தடவையும் உறக்கம் கலைவதையும் கண்டார்கள். யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்து, 1929-இல் உலகுக்கு அறிவித்த முறையே இதற்குக் கருவியாயிற்று. கஸ்தோ வலிப்பு நோய் ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்றவர் என்பது கவனிக்கத் தக்கது. நோயாளி தானே அறிய முடியாத ஒன்றை அவன் உறங்கும்போது அருகிலிருந்து பார்த்து அறிவது அத்துறையினருக்குப் பழகிய வேலை.

பீலெஃபெல்ட் நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை நினைவூட்ட வெகு தூரம் போக வேண்டியதில்லை. நகரத்தின் தென்புறத்து மலைச்சாரலில் இருக்கிறது பெத்தேல். 1867-இல் வலிப்பு நோயாளிகளுக்கென ஒரு சிறு இல்லமாகத் தொடங்கி, 1872-இல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் போடல்ஷ்விங் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் வந்து, தனியொரு சிற்றூராகவே வளர்ந்துவிட்ட தர்ம ஸ்தாபனம் அது. இன்றும் வலிப்பு நோய்ச் சிகிச்சைக்கு ஜெர்மனியில் பேர்போன இடம். வலிப்புக் கண்டவன் தன்னுடைய வலிப்பைத் தான் பார்ப்பதில்லை. ஆகையால் வலிப்பு வைத்தியர் எவரும் முதலில் கேட்பது அருகிலிருந்தவரையே: எந்தக் கை முதலில் துடித்தது, கண் திறந்திருந்ததா, எத்தனை நேரம் நீடித்தது, பிறகு என்ன பேசினான்? நோயாளியின் சொல்லைவிடத் தாயின் சொல்லுக்கும் மனைவியின் சொல்லுக்கும் அங்கே கனம் அதிகம். குறட்டையிலும் நிலைமை இதுவே. மூச்சு நிற்பதைக் கேட்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் அதே கட்டிலில் படுத்திருக்கிறாள். அவளை நோக்கி நம் சமூகம் சொல்வதோ, ‘சகித்துக்கொள்’ என்பது. சாட்சியாக நிற்க வேண்டியவளைச் சகிப்புக்கு நியமித்துவிட்டோம் என்பதே இந்த நம்பிக்கையின்மேல் நான் சாட்டும் முதன்மையான குற்றம்.

சகிப்புக்குக் கருவிகளும் இருக்கின்றன. பெர்லின் நகரத்து மருந்துக் கடைக்காரரான மாக்ஸ் நெக்வர் என்பவர் 1907-இல் மெழுகும் பஞ்சும் சேர்த்துச் செய்த ஓரோபாக்ஸ் என்னும் காதடைப்பு, இன்றும் ஜெர்மனியின் ஒவ்வொரு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. தெருவின் இரைச்சலுக்கும் தொழிற்சாலையின் இரைச்சலுக்கும் அது நன்மருந்து. அதைக் கண்டுபிடித்தவரை நான் குறை கூறவில்லை. ஆனால் பரிசோதிக்கப்படாத குறட்டைக்கு அதைப் பரிகாரமாகக் கொள்ளும்போது, அந்த இரவின் ஒரே சாட்சியினுடைய செவியை அடைக்கிறோம். வெவ்வேறு அறைகளில் உறங்குவதும் அப்படியே. தம்பதிகள் தனித்துறங்குவது அவமானம் என்றோ, அன்பு அற்றுப்போனதற்கு அடையாளம் என்றோ நான் நினைக்கவில்லை. பீலெஃபெல்ட் பல தலைமுறைகளாகச் ஆளிநார்த் துணிக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் பேர்போன ஊர். 1854-இல் நிறுவப்பட்ட ராவன்ஸ்பெர்க் நூற்பாலை அந்தத் தொழிலின் பெருமையைச் சொல்லிக்கொண்டு இன்றும் நிற்கிறது, வயதுவந்தோர் கல்வி நிலையமாக. மணப்பெண் கொண்டுபோகும் விரிப்புகளைத் தயாரித்த இந்த ஊரிலும், ஜெர்மனி முழுவதிலுமே, ஒரே கட்டிலில் இரண்டு மெத்தை, இரண்டு போர்வை என்பது சாதாரண வழக்கம். அதனால் இவர்களுடைய குடும்பங்கள் குலைந்துவிடவில்லை. தனியறை வேண்டுமானால் கொள்ளட்டும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதற்கு முன், கேட்ட சாட்சியத்தை உரிய இடத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லையேல் அந்த மௌனங்களைக் கேட்க எவரும் இல்லாமற் போய்விடும்.

‘குறட்டை விடுகிறவர்களெல்லாம் நோயாளிகளா?’ என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. இல்லை. குறட்டை விடுகிறவர்களில் பலருக்கு மூச்சு நிற்பதேயில்லை. அவர்கள் நன்றாகவே உறங்குகிறார்கள், பகலில் உற்சாகமாக உலவுகிறார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதும், எடையைக் குறைப்பதும், இரவு உணவோடு மதுவை விலக்குவதும், அருகில் உறங்குபவருக்குக் காதடைப்பும் போதும். ஆனால் இன்னார் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர், இன்னார் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று ஓசையைக் கொண்டு மட்டும் பகுத்துவிட முடியாது, பரிசோதனைதான் சொல்லும். நான் எதிர்ப்பது, பரிசோதிக்காமலே எல்லாரையும் சுகநித்திரைக்காரர்களின் கூட்டத்தில் சேர்த்துவிடும் அந்தத் துணிச்சலை. உரத்த குறட்டை, இடையிடையே மௌனம், அதைத் தொடர்ந்து திணறல், பகலில் அடக்க முடியாத தூக்கம் என்னும் இவை சேர்ந்து வருமானால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஒல்லியானவருக்கு இது வராது என்பதும் தவறு. சிறிய தாடையும் குறுகிய தொண்டையும் அமைந்த மெலிந்த உடம்பிலும் இது வரும். குழந்தை இரவுதோறும் குறட்டை விட்டால் அதையும் வேடிக்கையாகக் கருதலாகாது. அடிநாச் சதையும் மூக்கின் பின்சதையும் வளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம், அதற்குத் தக்க சிகிச்சையும் உண்டு.

இது வெள்ளைக்காரர்களின் வியாதி, கொழுத்த உணவின் வியாதி என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் நடுத்தர வயதினரிடையே நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. மூச்சடைப்போடு பகல் தூக்கமும் சேர்ந்த நோய் ஆண்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 2 பேருக்கும் இருப்பதாக அது கண்டது. மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடையே ஸரீர் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ அந்த விகிதம் நூற்றுக்கு 7.5. முறைகள் வேறு, காலம் வேறு, ஆகையால் இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. எனினும் நம்மவர்களுக்கு விலக்கு உண்டு என்று நம்புவதற்கு இதில் இடமில்லை. இலங்கையில் நடந்த 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் இளைஞர்களாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர்கள் இப்போது அறுபதை எட்டியும் தாண்டியும் நிற்கிறார்கள். சமையற்கூடங்களிலும், பொருட்கிடங்குகளிலும், இரவு முறை வேலைகளிலும் உடம்பைத் தேய்த்தவர்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவர்களிடையே சாதாரணமாகிவிட்டன. இந்நோய் தலைகாட்டும் வயதும் அதுவே, அது மறைந்து கிடக்கும் உடல்நிலையும் அதுவே. ‘வேலை அலுப்பு’ என்று அவர்களுடைய குறட்டையை மனைவிமார் விளக்கும்போது, அந்த விளக்கத்தில் அன்பும் நன்றியும் கலந்திருப்பதை நான் அறிவேன். அதனாலேயே இதைத் தகர்ப்பது கடினமாகவும் அவசியமாகவும் இருக்கிறது.

இந்நாட்டில் பரிசோதனைக்கு வழி திறந்தே இருக்கிறது. குடும்ப வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர் காது மூக்கு தொண்டை வைத்தியரிடமோ நுரையீரல் வைத்தியரிடமோ அனுப்புவார். அங்கே ஒரு சிறு கருவியைக் கொடுத்து, விரலிலும் மார்பிலும் மூக்கிலும் பொருத்திக்கொண்டு சொந்த வீட்டிலேயே ஓர் இரவு உறங்கச் சொல்வார்கள். அதில் ஐயம் எழுந்தால் ஷ்லாஃப்லபோர் எனப்படும் உறக்க ஆய்வுக்கூடத்தில் இரவு தங்கி முழுப் பரிசோதனை. அதற்கு இடம் கிடைக்கச் சில மாதங்கள் காத்திருக்க நேரலாம். ஆகையால் தாமதிக்காமல் பெயரைப் பதிவது நல்லது. நோய் உறுதியானால், மூக்கின் வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவியை வைத்தியக் காப்புறுதி நிறுவனமே வழங்குகிறது. கைப்பணமாகக் கேட்பது அதிகமாகப் போனால் 10 யூரோ. அக்கருவி ஒத்துவராதவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல்தகட்டையும் 2022-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து காப்புறுதியின் செலவிலேயே செய்துகொள்ளலாம். வசதி இத்தனையிருந்தும் நம்மவர்கள் பின்தங்குவதற்குப் பாஷை ஒரு காரணம். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்க மகனையோ மகளையோ அழைத்துச் செல்கிறோம். தந்தை தன் குறட்டையை மகள் வாயால் சொல்ல வெட்கப்படுகிறார், மகளோ அந்த அறையில் இரவு இருந்தவள் அல்லள். கேட்டவளான மனைவி வீட்டில் இருக்கிறாள். அவளே கூட வர வேண்டும். கைத்தொலைபேசியில் ஓர் இரவின் ஓசையைப் பதிவு செய்து கொண்டுவந்தால், பாஷை குறைபட்ட இடத்தில் அந்தப் பதிவே பேசும். மௌனம் எத்தனை விநாடி நீள்கிறது என்பதை வைத்தியர் தம் காதாலேயே கேட்டுக்கொள்வார்.

இன்னொரு பயம் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்வாரில்லை. நோய் என்று பதிந்துவிட்டால் வாகனம் ஓட்டும் உரிமம் போய்விடும், வேலையும் போய்விடும் என்னும் பயம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வகுத்த விதி, நடுத்தரமான அல்லது கடுமையான மூச்சடைப்பும் அதனால் அடக்க முடியாத பகல் தூக்கமும் உள்ளவரை, சிகிச்சை பெறாத நிலையில், வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்கிறது. சிகிச்சை பெற்றுத் தூக்கம் கட்டுப்பட்டவர், குறித்த காலத்துக்கொருமுறை பரிசோதனைக்கு உட்பட்டு, ஓட்டலாம். ஆகவே சட்டம் அஞ்சச் சொல்வது சிகிச்சையில்லாத நிலையை. பீலெஃபெல்ட்டின் ஓரமாகச் செல்லும் ஏ 2 நெடுஞ்சாலையில், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயத்துத் தேர்த்திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும் ஒருவர், வண்டியின் சுக்கானைப் பிடித்தபடியே இரண்டு விநாடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தவர்கள், உரிமத்தைப் பற்றிய பயத்தை அதற்குரிய அளவில் மட்டுமே வைப்பார்கள்.

காற்றழுத்தக் கருவியின் வரலாறு சிறியது. அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த உறுதியான பரிகாரம், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதொன்றே. 1969-இல் அதன் பலனை எழுதி வெளியிட்டவர்களும் குலோவும் அவருடைய ஜெர்மானியச் சகாக்களுமே. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்பவர், மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் தொண்டை அடைபடாமல் நிற்கும் என்பதை ஐந்து நோயாளிகளிடம் காட்டினார். கத்தியின்றி, மருந்தின்றி, அதே இரவில் மூச்சு சீராயிற்று. இக்கருவி சகல இருதய நோய்களையும் தடுத்துவிடும் என்று நேர்மையான வைத்தியர் எவரும் வாக்குக் கொடுப்பதில்லை. பகல் தூக்கத்தை நீக்குவதிலும், இரத்த அழுத்தத்தை ஓரளவு தணிப்பதிலும், குறட்டையை ஓயச் செய்வதிலும் அதன் பலன் ஐயத்துக்கு இடமற்றது. முதல் சில வாரங்கள் கஷ்டமானவை. முகமூடி அழுத்தும், மூக்கு வறளும், ‘இதைக் கட்டிக்கொண்டு எப்படிப் படுப்பது’ என்று பலர் பெட்டியிலிட்டு மூடிவிடுவார்கள். அந்த வாரங்களில் மனைவி முகம் சுளிக்காதிருப்பதும், பிள்ளைகள் கேலி செய்யாதிருப்பதும், முகமூடி பொருந்தவில்லையென்றால் வேறு அளவு கேட்டு வாங்கச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிகளே.

இதுவரை அவனுடைய ஆரோக்கியத்துக்காகவே வாதித்தேன். அவளுடையதும் தனக்கென ஒரு நியாயம் உடையது. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பத்துத் தம்பதிகளைப் பரிசோதித்து 1999-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆராய்ச்சியில், படுக்கையில் கழியும் நேரத்தில் நூற்றுக்கு 74 பங்கே உறங்கிய துணைவர்கள், குறட்டைக்காரருக்குக் காற்றழுத்தம் கொடுக்கப்பட்ட பின் அதே இரவில் 87 பங்கு உறங்கினார்கள். பத்துப் பேர் சிறிய தொகைதான். ஆயினும் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும் விடை அதற்கு மாறாக இருக்கப் போவதில்லை. விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்குப் போய், மாலையில் சமைக்கிற ஒருத்தியிடம், இரவின் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கேட்பதற்கு எந்தத் தர்மசாஸ்திரத்தில் இடமிருக்கிறது?

பெண்களும் குறட்டை விடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பின் அவர்களுக்கும் மூச்சடைப்பு நோய் ஆண்களுக்கு நெருங்கிய அளவில் மிகுகிறது. ஆனால் ஆணின் குறட்டையைக் களைப்பு என்று கொண்டாடும் அதே வீட்டில் பெண்ணின் குறட்டை லஜ்ஜைக்குரியதாகி, உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் கண் விழித்தே இரவைக் கழிக்கும் பெண்களை உண்டாக்கியிருக்கிறது. அவர்களுடைய நோய் பெரும்பாலும் தூக்கமின்மையாகவும், சோர்வாகவும், மனவாட்டமாகவும் வெளிப்படுவதால், வைத்தியர்களும் அதை வேறெதன்மேலோ ஏற்றி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைகளில் சில தொண்டையை இன்னும் தளர்த்துகின்றன. அவளுக்கும் சாட்சி ஒருவன்தான். அவன் அதைக் கேலியாகச் சொல்லியிருக்கலாம், அல்லது நாகரிகம் கருதிச் சொல்லாமலே இருந்திருக்கலாம். இரண்டினாலும் அவளுக்கு நன்மை விளையவில்லை. அவள் வைத்தியரைப் பார்க்கப் போகும் நாளில், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனும் உடன் சென்று, அவள் மூச்சு இரவில் எப்போது நின்றது, எத்தனை நேரம் நின்றது, எப்படித் திரும்பியது என்பதைத் தன் வாயால், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், சொல்ல வேண்டும்.